பிளஸ் டூ மின்காந்தவியல்: கம்பியும் காம்பஸும் வைத்துக் கற்க ஒரு முழு வழிகாட்டி

பிளஸ் டூ இயற்பியல் முதல் தொகுதியில் ஐந்து அலகுகள் இருக்கின்றன. நிலை மின்னியல், மின்னோட்டவியல் இரண்டையும் ஓரளவு நன்றாகவே கடந்து வரும் மாணவர்கள், மூன்றாவது அலகான காந்தவியலில் கால் வைத்ததும் தடுமாறுவதைப் பார்க்கிறோம். கணக்கு திடீரென்று கடினமாகிவிடவில்லை. இரண்டு மின்துகள்கள் ஒன்றையொன்று இழுத்தாலும் தள்ளினாலும் அந்த விசை அவற்றை இணைக்கும் கோட்டிலேயே இருக்கும். காந்தவியலில் அப்படி இல்லை. மின்னோட்டம் ஒரு பக்கம் போகிறது, புலம் அதைச் சுற்றி வளைகிறது, விசை இரண்டுக்கும் செங்குத்தாக வேறெங்கோ தள்ளுகிறது. முப்பரிமாணத்தில் நடக்கும் இந்த விஷயத்தைத் தட்டையான தாளில் படிக்கிறோம், சிக்கல் அங்கேதான்.

அதனால் இந்த வழிகாட்டியில் எல்லாப் படிகளுக்கும் ஒரே விதி: முதலில் திசை, பிறகு அளவு. எந்தச் சோதனையானாலும் "ஊசி எந்தப் பக்கம் திரும்பும்?" என்பதை நோட்டில் எழுதிவிட்டு, அப்புறம் பேட்டரியை இணையுங்கள். முன்கூட்டியே எழுதாமல் பார்த்தால், எந்தப் பக்கம் திரும்பினாலும் "ஆமாம், அப்படித்தானே" என்று தோன்றிவிடும்.

படி 1: பொருட்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்

ஒரு சிறிய காம்பஸ் (திசைகாட்டி), 1.5 வோல்ட் பேட்டரிகள் சில, பழைய டார்ச் பல்பு ஒன்று (எல்இடி அல்ல, இழை உள்ளது), ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், இரண்டு நியோடிமியம் காந்தங்கள், எனாமல் பூசிய செப்புக்கம்பி. கம்பிக்கு வேறெங்கும் அலைய வேண்டாம். மோட்டாருக்குக் காயில் கட்டும் வைண்டிங் கடை எல்லா ஊரிலும் உண்டு, மிச்சக் கம்பி கேட்டால் தருவார்கள். கம்பியின் இரு முனைகளிலும் எனாமலை உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்துவிடுங்கள். தேய்க்காத முனையில் மின்சாரம் போகாது.

பாதுகாப்பு பற்றி இரண்டு விஷயம் மட்டும். வீட்டு மின்சாரத்தை எந்தச் சோதனைக்கும் தொடக்கூடாது. மொபைல் பேட்டரி போன்ற லித்தியம் பேட்டரிகளைக் கம்பியால் நேரடியாக இணைத்தால் தீப்பிடிக்கலாம், அவையும் வேண்டாம்.

மொபைலில் காந்த உணரி இருந்தால் ஃபைஃபாக்ஸ் என்ற இலவசச் செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள். ஜெர்மனியில் ஆஹன் நகரப் பல்கலைக்கழகத்தில் உருவான செயலி அது. காந்தப்புலத்தை மைக்ரோடெஸ்லா கணக்கில் காட்டும். தமிழ்நாட்டில் காந்தங்களை எல்லாம் தள்ளி வைத்துவிட்டுப் பார்த்தால் 40-ஐ ஒட்டி ஓர் எண் வரும். அது பூமியின் காந்தப்புலம். அடுத்து வரும் எல்லாக் கணக்குக்கும் அந்த 40 நமக்கு அளவுகோல்.

படி 2: ஆர்ஸ்டெட் செய்ததைச் செய்யுங்கள்

1820-ல் கோபன்ஹேகனில் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆர்ஸ்டெட் மின்னோட்டம் பாயும் கம்பிக்குப் பக்கத்தில் காந்த ஊசி திரும்புவதைக் கண்டார். அந்த ஜூலையில் லத்தீனில் ஒரு சிறு அறிக்கையாக வெளியிட்டார். செப்டம்பரில் செய்தி பாரிஸ் போய்ச் சேர, ஆம்பியர் சில வாரங்களுக்குள் அதைக் கணிதமாக்கத் தொடங்கிவிட்டார். மின்னோட்டத்திலிருந்து காந்தப்புலத்தைக் கணக்கிடப் பாடத்தில் வரும் பயட்–சாவர்ட் விதியின் வேரும் அதே ஆண்டு இலையுதிர்காலத்தில்தான்.

இப்போது உங்கள் முறை. காம்பஸை மேசையில் வையுங்கள். ஊசி வடக்கு–தெற்காக நிற்கட்டும். கம்பியை ஊசிக்கு நேர் மேலே, ஊசிக்கு இணையாக, ஏறத்தாழ 1 செ.மீ உயரத்தில் பிடியுங்கள். மின்னோட்டம் தெற்கிலிருந்து வடக்கே போகும்படி பேட்டரியை இணைக்கப் போகிறோம். இணைக்கும் முன் வலக்கை பெருவிரலை வடக்கே நீட்டி, மற்ற விரல்கள் கம்பிக்குக் கீழே எந்தப் பக்கம் போகின்றன என்று பாருங்கள். மேற்கே போகின்றன. அப்படியானால் ஊசியின் வடமுனை மேற்கே திரும்ப வேண்டும். எழுதிக்கொண்டு, ஒரு நொடி மட்டும் இணைத்து எடுங்கள்.

சரி, திசை ஆயிற்று, இனி அளவு. கம்பியில் 2 ஆம்பியர் என்றால் 1 செ.மீ தொலைவில் புலம் எவ்வளவு? நீண்ட நேர்க்கம்பியின் சூத்திரத்தைச் சுருக்கினால் 2 × 10⁻⁷ பெருக்கல் மின்னோட்டம் வகுத்தல் தொலைவு. 2 ஆம்பியரையும் 0.01 மீட்டரையும் போட்டால் 4 × 10⁻⁵ டெஸ்லா, அதாவது 40 மைக்ரோடெஸ்லா. பூமியின் புலமும் அதேதான்! மேற்கே ஒரு 40, வடக்கே ஒரு 40. ஊசி இரண்டுக்கும் நடுவே 45 டிகிரியில் நிற்கும். கம்பியை 2 செ.மீ உயரத்துக்குத் தூக்கினால் மேற்குப்புலம் பாதியாகிவிடும், கோணம் 27 டிகிரிக்கு அருகில் வரும். இந்த ஒரு கணக்கில் அந்த அலகின் பாதி அடங்கியிருக்கிறது.

பேட்டரியை இப்படி நேரடியாக இணைத்தால் சூடாகும், சீக்கிரம் தீர்ந்தும் போகும். பொறுமையாகப் பார்க்க வேண்டுமென்றால் டார்ச் பல்பைத் தொடரிணைப்பில் சேர்த்து, கம்பியைக் காம்பஸ் மேலும் கீழுமாகப் பத்துச் சுற்றுச் சுற்றுங்கள். பல்பு மின்னோட்டத்தைக் குறைத்துவிடும், சுற்றுகள் அதை ஈடுகட்டிவிடும். மேலே போகும் கம்பியும் கீழே திரும்பி வரும் கம்பியும் ஊசியை ஒரே பக்கம்தான் திருப்பும். ஏன் என்று விரல் விதியை வைத்து நீங்களே சரிபாருங்கள், வட்டச்சுருளின் புலம் புரிந்துவிடும்.

இன்னொன்றையும் செய்யாமல் விடாதீர்கள். கம்பியைக் கிழக்கு–மேற்காகப் பிடித்து இணைத்துப் பாருங்கள். ஒரு திசை மின்னோட்டத்துக்கு ஊசி அசையவே அசையாது. அங்கும் புலம் இருக்கத்தான் செய்கிறது, பூமியின் புலத்தோடு அதே கோட்டில் சேர்ந்து நிற்பதால் திருப்ப வேலை இல்லை. "ஊசி அசையவில்லை, எனவே புலம் இல்லை" என்று எழுதும் தவறு இந்த ஒரு சோதனையில் போய்விடும்.

படி 3: டேன்ஜென்ட் கால்வனாமீட்டரைச் சடங்காகச் செய்யாதீர்கள்

மேலே செய்ததை ஒழுங்குபடுத்திய கருவிதான் ஆய்வகத்தில் இருக்கும் டேன்ஜென்ட் கால்வனாமீட்டர். பல ஆய்வகங்களில் இந்தச் சோதனை ரெக்கார்டு நோட்டை நிரப்பும் வேலையாக முடிந்துபோவது எனக்கு உண்மையாகவே வருத்தம் தரும் விஷயம். பூமியின் காந்தப்புலத்தை ஒரு பள்ளி மேசையில் அளக்கிறோம், அதைவிடப் பெரிய அனுபவம் அந்த வகுப்பில் வேறில்லை.

ஆரம் 7.5 செ.மீ, 5 சுற்று, 1 ஆம்பியர் என்று எடுத்துக்கொள்ளுங்கள். வட்டச்சுருளின் மையத்தில் புலம் ஏறத்தாழ 42 மைக்ரோடெஸ்லா வரும். புவிப்புலத்தின் கிடைத்தளக்கூறு (தரைக்கு இணையான பகுதி) 40 என்றால் விலகல் 45 டிகிரியை ஒட்டி இருக்கும். அந்தக் கருவிக்கு இந்த அளவுகள் ஏன் தேர்ந்தெடுக்கப்பட்டன என்பது இப்போது புரிகிறதா? கோணத்தை ஒரு டிகிரி தவறாகப் படித்தால் விடையில் வரும் பிழை 45 டிகிரியில்தான் மிகக் குறைவு. 30-க்கும் 60-க்கும் இடையில் விலகலை வைக்கச் சொல்வதன் காரணமும் அதுதான்.

சுருளின் தளத்தை முதலில் காந்தத் துருவத் தளத்தில் (காம்பஸ் ஊசி காட்டும் வடக்கு–தெற்குச் செங்குத்துத் தளத்தில்) வைக்காமல் ஆரம்பித்தால் எல்லா அளவீடும் வீண். அம்மீட்டருக்குள் ஒரு காந்தம் இருக்கிறது, அதைக் கால்வனாமீட்டருக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது. கம்யூட்டேட்டரால் மின்னோட்டத்தைத் திருப்பி, முள்ளின் இரு முனைகளையும் படித்துச் சராசரி எடுப்பது சின்னச் சின்னச் சாய்வுப் பிழைகளை அடித்துவிடும். வாய்மொழித் தேர்வில் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் இவைதான்.

இங்கே ஒரு செய்தி. காந்தச் சரிவு (புவிப்புலம் கிடைத்தளத்தோடு சாயும் கோணம்) சுழியாக இருக்கும் காந்த நடுக்கோடு தென்னிந்தியாவின் தென்முனைப் பகுதியை ஒட்டிப் போகிறது. 1963-ல் இந்தியாவின் முதல் ராக்கெட் ஏவலுக்குத் திருவனந்தபுரம் அருகே தும்பாவைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவே முக்கியக் காரணம். திருநெல்வேலிப் பக்கம் இருக்கும் மாணவருக்குக் கிடைத்தளக்கூறும் மொத்தப் புலமும் கிட்டத்தட்ட ஒன்றே.

படி 4: விசை பக்கவாட்டில் தள்ளும்

ஹோட்டல் பார்சலில் வரும் அலுமினியத் தாளில் 10 செ.மீ நீளம், அரை செ.மீ அகலத்தில் ஒரு பட்டை வெட்டுங்கள். இரு முனையையும் மேசையில் ஒட்டி, நடுவில் கொஞ்சம் தளர்வாக விடுங்கள். அதற்குக் கீழே நியோடிமியம் காந்தத்தை முகம் மேலே பார்க்க வையுங்கள். பேட்டரியை நொடி நேரம் இணைத்தால் பட்டை என்ன செய்யும்?

காந்தம் இழுக்கும் என்றுதான் பெரும்பாலோர் எழுதுவார்கள். பட்டை காந்தத்தை நோக்கியும் வராது, விலகியும் போகாது. பக்கவாட்டில் துள்ளும். காந்தத்தின் வடமுனை மேலே பார்க்கிறது, மின்னோட்டம் வடக்கே போகிறது என்றால் பட்டை கிழக்கே தள்ளப்படும். பேட்டரியைத் திருப்பினால் மேற்கே. (எந்த முகம் வடமுனை என்று அறிய, காம்பஸ் ஊசியின் தென்முனையை இழுக்கும் முகம் எது என்று பாருங்கள்.)

அளவையும் பார்த்துவிடலாம். 2 ஆம்பியர், காந்தத்துக்கு மேலிருக்கும் 2 செ.மீ நீளம், புலம் 0.05 டெஸ்லா என்று வைத்தால் விசை 2 மில்லிநியூட்டன். 10 செ.மீ பட்டை முழுவதன் எடையே ஏறத்தாழ 0.2 மில்லிநியூட்டன்தான். தன் எடையைப் போலப் பத்து மடங்கு விசை, துள்ளாமல் என்ன செய்யும்?

ஃப்ளெமிங்கின் இடக்கை விதி, வலக்கை விதி இரண்டும் தேர்வில் கேட்கப்படுவதால் வரையறையை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ஆனால் கணக்குப் போடும்போது வெக்டர் குறுக்குப்பெருக்கல் ஒன்றையே, எப்போதும் வலக்கையால் பயன்படுத்துங்கள் என்பேன். மின்னோட்டத்திலிருந்து புலத்துக்கு விரல்களை மடக்கினால் பெருவிரல் விசை. ஒரே விதி, ஒரே கை. எலக்ட்ரான் வந்தால் மட்டும் விடையைத் தலைகீழாக்க வேண்டும், அதை மறக்காமல் கேள்வியில் அந்தச் சொல்லுக்கு அடிக்கோடிடுங்கள்.

படி 5: தூண்டல்: மாறினால்தான் உண்டு

மின்சாரம் காந்தத்தை உண்டாக்குகிறது என்றால் காந்தம் மின்சாரத்தை உண்டாக்காதா? ஆர்ஸ்டெட்டுக்குப் பிறகு பலரும் இதைத் தேடினார்கள். 1831 ஆகஸ்ட் 29 அன்று லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் மைக்கேல் ஃபாரடே ஓர் இரும்பு வளையத்தின் இரு பக்கமும் கம்பி சுற்றி, ஒரு பக்கத்தை பேட்டரியில் இணைத்தார். மறுபக்கத்து ஊசி இணைக்கும் கணத்தில் அசைந்தது, மின்னோட்டம் சீராக ஓடும்போது சும்மா நின்றது, துண்டிக்கும் கணத்தில் எதிர்ப்பக்கம் அசைந்தது. அக்டோபரில் காந்தத்தைச் சுருளுக்குள் செருகியும் எடுத்தும் அதையே கண்டார். புலம் இருப்பது போதாது, அது மாற வேண்டும்.

செப்புக்கம்பியை 1 செ.மீ ஆரமுள்ள குழாயில் 100 சுற்றுச் சுற்றி, மல்டிமீட்டரை 200 மில்லிவோல்ட் வீச்சில் வையுங்கள். காந்தத்தை வேகமாக உள்ளே தள்ளுங்கள். சராசரிப் புலம் 0.05 டெஸ்லா, நேரம் 0.1 நொடி என்றால் 16 மில்லிவோல்ட் அளவுக்கு மின்னியக்குவிசை (தூண்டப்பட்ட மின்னழுத்தம்) வரும். மீட்டரில் எண்கள் தாவும், குறியும் மாறும். துல்லியத்தை எதிர்பார்க்க வேண்டாம், குறியைக் கவனியுங்கள்.

"ஒரு எல்இடி எரிய வைக்கலாமே" என்று தோன்றும். சிவப்பு எல்இடிக்கு 2 வோல்ட்டை ஒட்டி வேண்டும். அதே வேகத்தில் 12,000 சுற்றுக்கு மேல் ஆகும். ஐந்து மடங்கு வேகமாகத் தள்ளினால் 2,500 போதும். இரும்பு உள்ளகமும் வலுவான காந்தமும் சேர்ந்தால் இன்னும் குறையும். சைக்கிள் டைனமோ வடிவமைத்தவர் யோசித்ததும் இதே மூன்று விஷயங்களைத்தான்.

படி 6: லென்ஸ் விதிக்கு நான்கு வரி

இந்தப் பாடம் முழுவதிலும் மாணவர்கள் அதிக மதிப்பெண் இழக்கும் இடம் 1834-ல் வந்த லென்ஸ் விதி. "தூண்டப்பட்ட மின்னோட்டம் காந்தப்பாயத்தை எதிர்க்கும்" என்று அரைகுறையாக நினைவில் வைப்பதால் வரும் வினை. பாயம் என்பது சுருளின் பரப்பு வழியே செல்லும் புலத்தின் மொத்த அளவு. மின்னோட்டம் எதிர்ப்பது அந்தப் பாயத்தின் மாற்றத்தை.

எந்தக் கேள்வி வந்தாலும் ஓரத்தில் இந்த நான்கையும் வரிசையாக எழுதுங்கள். சுருள் வழியே வெளிப்புலம் எந்தத் திசையில்? அந்தப் பாயம் கூடுகிறதா, குறைகிறதா? கூடினால் தூண்டப்பட்ட புலம் எதிர்த்திசையில், குறைந்தால் அதே திசையில். அந்தப் புலத்தின் திசையில் வலக்கை பெருவிரலை வைத்தால் விரல்கள் மடங்கும் பக்கம் மின்னோட்டம்.

மேசையில் கிடக்கும் வளையத்தை நோக்கி மேலிருந்து காந்தத்தின் வடமுனை இறங்குகிறது. புலம் கீழ்நோக்கி. பாயம் கூடுகிறது. தூண்டப்பட்ட புலம் மேல்நோக்கி. மேலிருந்து பார்த்தால் மின்னோட்டம் இடஞ்சுழி. இப்போது அதே காந்தத்தை மேலே தூக்குங்கள். புலம் இன்னும் கீழ்நோக்கித்தான். பாயம் குறைகிறது. தூண்டப்பட்ட புலம் கீழ்நோக்கி, மின்னோட்டம் வலஞ்சுழி. இரண்டாவது வரியைத் தவிர்த்தவர்கள் இரண்டுக்கும் ஒரே விடை எழுதியிருப்பார்கள்.

தடித்த சுவர் கொண்ட அலுமினியக் குழாய் கிடைத்தால் நியோடிமியம் காந்தத்தை உள்ளே போட்டுப் பாருங்கள். 30 செ.மீ உயரத்தை வெறும் காற்றில் கால் நொடியில் கடக்கும் காந்தம், குழாய்க்குள் மெதுவாக இறங்கி வரும். அலுமினியம் காந்தத்தில் ஒட்டாது என்பதை முதலில் காட்டிவிட்டுப் போட்டால் பார்ப்பவர் முகம் மாறும். குழாய்ச் சுவரில் தூண்டப்படும் சுழல் மின்னோட்டம் எதிர்க்காமல் ஆதரித்திருந்தால் காந்தம் தானாக மேன்மேலும் வேகம் பிடித்திருக்கும், ஆற்றல் எங்கிருந்தோ இலவசமாக வந்திருக்கும். லென்ஸ் விதி ஆற்றல் அழிவின்மை விதியின் இன்னொரு முகம் என்று ஆசிரியர் சொல்வது இதைத்தான்.

படி 7: மாறுதிசை மின்னோட்டம்

இந்தப் பகுதியில் அதிகம் தங்க வேண்டாம். வீட்டு 230 வோல்ட் என்பது ஆர்எம்எஸ் மதிப்பு (அதே வெப்பத்தைத் தரும் நேர்திசை மின்னழுத்தம்), உச்சம் 325 வோல்ட். அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ், கோண அதிர்வெண் 314. இந்த எண்கள் நாக்கு நுனியில் இருக்கட்டும். சீலிங் ஃபேனில் இருக்கும் 2.5 மைக்ரோஃபாரட் மின்தேக்கியின் மின்மறுப்பைக் கணக்கிட்டால் ஏறத்தாழ 1,270 ஓம் வரும். அந்த மின்தேக்கி ஒரு சுருளின் மின்னோட்டத்தைக் கட்டத்தில் முன்னே தள்ளுவதால்தான் ஃபேன் ஒரு திசையில் சுழலத் தொடங்குகிறது. அது வலுவிழந்தால் ஃபேன் மெதுவாகும். கட்ட வேறுபாடு என்ற சொல்லுக்கு அதைவிட நல்ல எடுத்துக்காட்டு வீட்டில் இல்லை.

தெருமுனை டிரான்ஸ்பார்மர் 11 கிலோவோல்ட்டை 433 வோல்ட்டாக இறக்குகிறது. அதன் "ம்ம்" ஒலியின் அடிப்படை அதிர்வெண் 50 அல்ல, 100 ஹெர்ட்ஸ். இரும்பு உள்ளகம் காந்தமாகும்போது மிகச் சிறிதாக வடிவம் மாறும், புலம் எந்தத் திசையில் இருந்தாலும் அந்த மாற்றம் ஒன்றே. அதனால் ஒரு சுழற்சிக்கு இரண்டு முறை. தொலைதூரத்துக்கு உயர் மின்னழுத்தம் ஏன் என்பதற்கு ஒரே வரி போதும்: அதே திறனுக்கு மின்னழுத்தம் பத்து மடங்கானால் மின்னோட்டம் பத்தில் ஒன்று, கம்பியில் வெப்ப இழப்பு நூறில் ஒன்று.

படி 8: மேக்ஸ்வெல் வரை

மாறும் காந்தப்புலம் மின்புலத்தை உண்டாக்குகிறது என்றார் ஃபாரடே. மாறும் மின்புலம் காந்தப்புலத்தை உண்டாக்க வேண்டும் என்று சேர்த்தார் மேக்ஸ்வெல், அதுவே இடப்பெயர்ச்சி மின்னோட்டம். மின்தேக்கியின் தட்டுகளுக்கு நடுவே கம்பி இல்லை, ஆனாலும் ஆம்பியர் விதி அங்கே உடையக்கூடாது என்பதிலிருந்து பாடத்தைத் தொடங்குங்கள்.

பிறகு கால்குலேட்டரை எடுங்கள். வெற்றிட உட்புகுதிறன் 1.257 × 10⁻⁶, வெற்றிட விடுதிறன் 8.854 × 10⁻¹². பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, தலைகீழாக்குங்கள். நொடிக்கு 2.998 × 10⁸ மீட்டர். காந்தமும் மின்தேக்கியும் வைத்து மேசையில் அளந்த இரண்டு மாறிலிகளுக்குள் ஒளியின் வேகம் ஒளிந்திருக்கிறது. இதைப் படித்துக் கேட்டால் போதாது, உங்கள் விரலால் அந்த எண் திரையில் வர வேண்டும். 1887–88-ல் ஹெர்ட்ஸ் கார்ல்ஸ்ரூஹ நகரில் அந்த அலைகளைச் சோதனையில் உண்டாக்கினார். 1895-ல் கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் மில்லிமீட்டர் அளவிலான அலைகளைக் கொண்டு பொதுமக்கள் முன் செய்து காட்டினார்.

படி 9: தேர்வுக்கு எழுதும்போது

எழுத்துத் தேர்வின் 70 மதிப்பெண்ணில் 25 ஐந்து மதிப்பெண் வினாக்களில் இருக்கின்றன, தருவித்தல்கள் பெரும்பாலும் அங்கே வரும். படத்தை முதலில் வரையுங்கள், அம்புக்குறி இல்லாத படம் படமே அல்ல. தருவித்து முடித்ததும் ஒரு எல்லையில் சரிபாருங்கள்: வட்டச்சுருளின் அச்சில் வரும் சூத்திரத்தில் தொலைவைச் சுழியாக்கினால் மையத்தின் சூத்திரம் வர வேண்டும். வராவிட்டால் நடுவில் எங்கோ ஆரத்தின் அடுக்கு பிசகியிருக்கிறது.

கடைசியாக மூன்று கேள்விகள், புத்தகம் பார்க்காமல். ஓரிடத்தில் வெட்டுப்பட்ட செப்பு வளையத்தின் வழியே காந்தம் விழுந்தால் மின்னியக்குவிசை உண்டா, வேகம் குறையுமா? சீரான புலத்துக்குள் முழுவதுமாக இருக்கும் சதுரச் சுருள் அதே புலத்துக்குள் நேராக நகர்ந்தால் என்ன வரும்? திருநெல்வேலியில் கிழக்கு–மேற்காகக் கிடையாகப் பிடித்த 1 மீட்டர் கம்பி நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் விழும்போது முனைகளுக்கிடையே எவ்வளவு? முதலாவதில் மின்னியக்குவிசை உண்டு, வளையத்தைச் சுற்றி மின்னோட்டம் இல்லாததால் காந்தம் ஏறத்தாழத் தடையின்றி விழும். இரண்டாவதில் சுழி. மூன்றாவதில் 0.2 மில்லிவோல்ட், கிழக்கு முனை நேர்மின். கிழக்கு என்பது எப்படி வந்தது என்று வலக்கையால் காட்ட முடிந்த பிறகு கம்பியை வடக்கு–தெற்காகத் திருப்பி அதே கணக்கை மறுபடி போடுங்கள்.